என் வளையலைப் போட்டிருந்த கை

தட்டில் பாதிச் சாதம் அப்படியே இருப்பதை முதலில் பார்த்தவள் கோமதி, என் தம்பி சுந்தரத்தின் மனைவி. "என்ன அக்கா, பாதிச் சாதத்தைத் தொடவே இல்லையே?" என்றாள்.

"வழிச்சுச் சாப்பிட்டாச்சேடி" என்றேன். தட்டு காலியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் தட்டைப் பிடித்து அரைவட்டமாகத் திருப்பினாள். சாதமும் சேனை எரிசேரிக் கூட்டும் எங்கிருந்தோ வந்து என் முன்னால் உட்கார்ந்தன. நடுவில் கோடு கிழித்ததுபோல அந்தப் பக்கம் சாதம், இந்தப் பக்கம் வெறும் தட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. கோமதிக்கு வரவில்லை. என் வாயில் ஒரு பக்கம் மட்டுமே சிரித்தது என்று பிறகு சொன்னாள்.

எனக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்று, கோட்டைக்குள் தம்பி வீட்டில் இருந்தேன். சுந்தரத்தின் பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். சின்னக் குழந்தைகளோடு எனக்குப் பழக்கமும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

என்னைப் போல விழுந்தவர்களுக்கு உபயோகப்படும் என்று சுந்தரம் சொல்வதால் இதை எழுதுகிறேன். எழுதும்போது காகிதம் நகராமல் இடது கை பிடித்துக்கொண்டிருக்கிறது. இதே கையை வார்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நான் ஒருநாள் கெஞ்சினேன்.

ஆட்டோவில் போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சுந்தரத்துக்கு விளக்கினார். மூளையின் வலது பக்கம் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. உடம்பின் இடது பக்கத்தைக் கவனிப்பது வலது மூளை. அதனால் இடது கையும் காலும் அசையவில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு என்றார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை மறந்துபோச்சு."

எனக்கு அது புரியவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்தில் நெருக்கியடித்து எழுதியிருந்தேனாம். எனக்கு அது நல்ல கடிகாரமாகவே பட்டது.

இருட்டாகவோ மங்கலாகவோ இருந்திருந்தால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்றாவது தோன்றியிருக்கும். அப்படியும் இல்லை. நமக்கு முதுகுக்குப் பின்னால் எப்படி எதுவும் தெரிவதில்லையோ அப்படி. வார்டில் என் கட்டிலோடு உலகம் முடிந்துபோயிற்று. அந்த முடிந்துபோன இடத்திலிருந்து குரல்கள் மட்டும் வந்தன. "மருந்து கழிச்சோ அம்மே?" என்று, மருந்து சாப்பிட்டாச்சா என்பதை மலையாளத்தில், யாருமில்லாத இடத்திலிருந்து ஒருத்தி கேட்பாள். ஒரு ஸ்பூன் ரசஞ்சாதம் காற்றில் மிதந்து வந்து வாயருகே நிற்கும்.

அந்த ஸ்பூனைப் பிடித்திருந்தவன் சுந்தரம். இடது பக்கம் உட்கார்ந்து பேசினால்தான் மூளை அந்தப் பக்கம் திரும்பும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவன் நாற்காலியை அங்கேதான் போட்டுக்கொண்டான். நான் அவனைப் பார்க்காமலே அவனிடம் கோபித்துக்கொள்வேன். "வந்து ஒரு வார்த்தை பேசக்கூட உனக்கு நேரமில்லை" என்று சொல்வேன். அவன் விரலில் இருந்த மோதிரத்தால் கட்டில் கம்பியை வலது பக்கத்திலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே இடது பக்கம் போவான். "சத்தத்தோடயே வா அக்கா... இன்னும் கொஞ்சம்... வா" என்பான். சில சமயம் அவன் சட்டையின் ஓரம் வரைக்கும் போயிருக்கிறேன். முகம் வரை போக முடிந்ததில்லை.

அந்தக் கையை நான் கண்டது ஒரு காலை வேளையில். நர்ஸ் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. போர்வைக்கு வெளியே, என் மார்புக்குப் பக்கத்தில், ஒரு கை கிடந்தது.

பெண்பிள்ளைக் கை. கொஞ்சம் வீங்கி, விரல்கள் பாதி மடங்கியிருந்தன. அதற்குரிய ஆள் எங்கே என்று தேடினேன், யாருமில்லை. வலது கையால் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. சில்லென்று இருந்திருந்தால்கூட அத்தனை பயந்திருக்கமாட்டேன். அதன் மணிக்கட்டில் என் தங்க வளையல் இருந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். "யாரோ கையை இங்கே விட்டுட்டுப் போயிட்டா. என் வளையலையும் எடுத்துப் போட்டுண்டிருக்கா!"

நர்ஸ் ஓடி வந்தாள். "ஐயோ, அது அம்மயுடெ கையல்லே?"

"என் கை எனக்குத் தெரியாதா? இதை எடுத்துண்டு போ. தயவுசெஞ்சு எடுத்துண்டு போ."

சுந்தரம் வந்து தோளிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினான். "இது உன் தோள்தானே?" ஆமாம். "இது முழங்கை?" இருக்கலாம் என்றேன். "மணிக்கட்டு?" அதற்குமேல் அந்தக் கைக்குச் சொந்தக்காரி, அவள்தான். நான் எங்கே முடிந்து அவள் எங்கே ஆரம்பித்தாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. சுந்தரம் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை. ஆனாலும் அவன் பொய் சொல்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இது பைத்தியமில்லை, இந்த மாதிரி அடைப்பில் சிலருக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு நாளும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டி "இது யாருடைய கை?" என்று கேட்பார். "தெரியாது" என்பேன். உடன் வந்த மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கோமதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர்கள் போன பிறகு நானும் அவளும், அதாவது அந்தக் கையும், ஒரே கட்டிலில் இருப்போம். தூங்கினால் அவள் என் கழுத்துக்கு வந்துவிடுவாளோ என்று பயந்து வலது கையால் அவளைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பேன்.

பிறகு சக்கர நாற்காலியில் வைத்து, கைக்குப் பயிற்சி கொடுக்கும் கூடத்துக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். அங்கே ஜெஸி என்று ஒரு பெண். சின்ன வயது. நீள மேஜையில் பிளாஸ்டிக் பேசின்களை வரிசையாக வைத்திருப்பாள். ஒன்றில் அரிசி, ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் பஞ்சு. மரத்துப்போன கையை அவற்றில் அளைய விட்டால் தொடு உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றாள். குழந்தைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு மருந்து, இரண்டும் ஒன்றுதான் என்பாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஆபீஸில் அத்தனை பேரை நிர்வாகம் பண்ணியவள் அரிசியை அளைந்துகொண்டு உட்கார வேண்டுமா?

அங்கேதான் இசக்கி வந்தாள். நான்கு வயதுக் குழந்தை. வள்ளியூர்ப் பக்கம் ஊர். அப்பாவும் அம்மாவும் கழக்கூட்டத்தில் கட்டட வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் தங்கியிருந்த ஷெட்டில் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இரும்புச் சட்டியில் குழந்தை வலது உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். தொடையிலிருந்து தோலை எடுத்து வைத்துத் தைத்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அவள் கையை இறுக மூடிக்கொண்டவள் திறக்கவே இல்லை. எதையும் தொட மாட்டாள், யாரையும் அந்தக் கையைத் தொட விடமாட்டாள். இப்படியே விட்டால் புதுத் தோல் சுருங்கி விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவரும் என்று ஜெஸி கவலைப்பட்டாள். வேறு யாராவது கையை விட்டு அளைவதைப் பார்த்தால் அவளுக்கும் ஆசை வரலாம் என்று எங்கள் இருவரையும் ஒரே பேசினுக்கு முன்னால் உட்கார வைத்தாள். இசக்கியை என் இடது பக்கத்தில் வைத்தாள். அதனால் அவள் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஆச்சி, இது யாரு கையி?"

டாக்டர் கேட்ட அதே கேள்வி. ஆனால் இவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியலைம்மா" என்றேன்.

"ஒங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"அவ தூங்குதா" என்றது குரல். "அரிசி போட்டு எழுப்பட்டா?"

என்னைத் திருத்தாமல் ஒருவர் பேசியது அன்றுதான் முதல் தடவை. அரிசி சரசரவென்று கொட்டும் சத்தம் கேட்டது. எதன்மேல் கொட்டுகிறது என்று எனக்கு உணர்ச்சியே இல்லை.

அதிலிருந்து தினமும் அதுதான் விளையாட்டு. குழந்தை தன்னுடைய நல்ல கையால் 'அவளை' மணலில் புதைப்பாள், தோண்டி எடுப்பாள், பஞ்சால் துடைப்பாள், விரலிடுக்கில் புளியங்கொட்டை வைப்பாள். எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவதுபோல இருக்கும். இசக்கி எனக்குச் செய்தி சொல்லுவாள். "ஆச்சி, அவளுக்கு மண்ணு பிடிக்கலியாம்." "ஆச்சி, அவ இன்னிக்கு ஒரு வெரல ஆட்டுனா." நான் ஜெஸியைப் பார்ப்பேன். "இல்ல அம்மா, ஞான் ஒண்ணும் கண்டில்லை" என்பாள். இரண்டு நாள் கழித்து டாக்டரே பார்த்தார். சுண்டுவிரல் அசைந்தது. நான் அசைக்கவில்லை. குழந்தை சொன்னது நிஜம் என்று தெரிந்தபோது சந்தோஷத்துக்குப் பதில் எனக்கு முதுகு சில்லிட்டது.

இந்த விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று ஜெஸி டாக்டரிடம் கேட்டாள். கை வேறு ஆள் என்ற எண்ணம் இதனால் இன்னும் ஊறிப் போகாதா என்பது அவள் கவலை. தொடுவது நிற்க வேண்டாம் என்றார் டாக்டர்.

ஒரு நாள் முற்பகல். மேஜையில் புளியங்கொட்டை பேசின். ஜெஸி வேறொருவருக்கு நடைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வலது பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இசக்கி வீறிட்டாள். "விடு! ஆச்சி, விடச் சொல்லு! வலிக்கி!"

யார் அவளைப் பிடித்தது? நான் என் கையைப் பார்த்தேன். அது மடியில் சும்மா இருந்தது. "யாரு பிடிச்சா? எங்கே இருக்கே நீ?" என்று நானும் கத்தினேன். அழுகை என் காதுக்கு ஒரு முழ தூரத்தில் கேட்டது. ஆனால் அங்கே ஒரு இடம் இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. என் நாற்காலி அவளுடைய இழுப்பில் குலுங்கியது. ஜெஸியும் இசக்கியின் அம்மா பாக்கியமும் ஓடி வந்தார்கள். ஜெஸி என் நாற்காலியைச் சட்டென்று திருப்பினாள்.

அப்போது பார்த்தேன். வளையல் போட்ட அந்தக் கை, குழந்தையின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கம். ஜெஸி அதன் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிய பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்ளுமே, அந்தப் பழைய பழக்கம் மூளையில் கட்டுப்பாடு போனதால் திரும்பி வந்திருக்கிறது என்று பின்னால் விளக்கினார்கள். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

பாக்கியம் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "ஏற்கனவே ஒரு கையி வெந்து கெடக்கு. இருக்க ஒத்தக் கையையும் ஒடிக்கப் பாத்தீகளா? நல்லாருப்பீகளா நீங்க?" என்றாள். குழந்தையின் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவப்பாகத் தெரிந்தது.

சாயங்காலம் சுந்தரம் வந்ததும் முதல் காரியமாக, "சுந்தா, அந்தக் கொழந்தையை நான் நசுக்கிட்டேன்டா" என்றேன்.

அவன், "யாரு நசுக்கினது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான்தான். என் கைதான்."

அவன் அறைக்கு வெளியே போய் அழுதுவிட்டு வந்தான் என்று கோமதி சொன்னாள். அவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது எப்படி இருந்தது என்றால், ஒரு கெட்ட காரியத்தைச் செய்தவளைத் தேடிக்கொண்டே போய், கடைசியில் என் வீட்டுக் கதவையே தட்டியதுபோல இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் இசக்கி வரவில்லை. குழந்தைகள் வார்டில்தான் இருக்கிறாள், பாக்கியம் விடமாட்டேன் என்கிறாள், வலது கை இன்னும் மூடித்தான் இருக்கிறது என்றாள் ஜெஸி. என்னை அங்கே கூட்டிப் போகும்படி கோமதியிடம் சொன்னேன். "அவ கண்டபடி பேசுவா அக்கா" என்றாள். "பேசட்டும்" என்றேன்.

கோமதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். பாக்கியம் வார்டு வாசலிலேயே எழுந்து நின்றாள். குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, என் கைதான் பிடிச்சுது. எனக்குத் தெரியாம பிடிச்சுது. ஆனா பிடிச்சது நான்தான்" என்றேன். "நீ என்னைத் திட்டு. கொழந்தையோட வைத்தியத்தை நிறுத்தாதே."

பாக்கியம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையையே பார்த்தாள். "ராவும் பகலும் கேட்டு உசிர எடுக்கா" என்றாள். "ஒங்களைக் கேக்கல. இந்தக் கையத்தான் கேக்கா. அவ எங்க, அவ எங்கன்னு. எனக்குப் பயமா இருக்கும்மா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் உள்ளே தூங்கும் குழந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள், "நானும் கூட உக்காருவேன்" என்றாள்.

மறுநாள் இசக்கி வந்தாள். வந்ததும் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அம்மாவை அவிழ்க்கச் சொல்லி, என் இடது கையை நாற்காலியோடு கட்டச் சொன்னாள். ஜெஸி தடுக்கப் போனாள். "கட்டட்டும்" என்றேன் நான். கட்டிய பிறகு குழந்தை கையை அதட்டினாள். "விடுன்னா விடணும். கேட்டியா? விடுன்னா விடணும்." அதன் உள்ளங்கையில் பஞ்சுத் துண்டை வைத்தாள். விரல்கள் மூடின. "விடு." மூடியே இருந்தன. "ஆச்சி, நீங்களும் சொல்லுங்க."

ஆக, நானும் சொன்னேன். தலையை இடது பக்கம் திருப்பி, மோதிரச் சத்தம் இல்லாமலே திருப்பி, அந்தக் கையைப் பார்த்து, "விடு" என்றேன். பல நாட்கள் சொன்னேன். ஒருநாள் பஞ்சு கீழே விழுந்தது. குழந்தை கைதட்டுவதற்குப் பதில் மேஜையைத் தட்டினாள், ஒற்றைக் கையால்.

பிறகு ரிப்பனால் கட்ட வேண்டியிருக்கவில்லை. இடது பக்கத்தில் முதலில் அவளுடைய எண்ணெய் வைத்த தலை தெரிய ஆரம்பித்தது, பிறகு முழு முகமும். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் தொடு உணர்ச்சி வரவில்லை. இசக்கியின் வலது கையும் திறக்கவில்லை. அவளுக்கு மறு ஆபரேஷன் பற்றிப் பெரிய டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம் ஜெஸி ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்தாள். எனக்குக் குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்க்க. இசக்கி நல்ல கையால் ஒரு துண்டை எடுத்து, குளிர்ச்சியில் துள்ளிச் சிரித்துக்கொண்டே, என் இடது உள்ளங்கையில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு, வெகு தூரத்திலிருந்து ஏதோ ஒன்று என்னை நோக்கி வந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. வந்து சேர்ந்தபோது அது நெருப்பாக இருந்தது.

"ஐயோ, சுடறது!" என்று அலறிவிட்டேன். "சுடறதுடி! எடு, எடு!"

வழி தவறிப்போன நரம்புகள் முதலில் திரும்பும்போது குளிரைச் சூடு என்று சொல்வதுண்டாம். ஜெஸிக்கு அது தெரியும். இசக்கிக்குத் தெரியாது. சுடுவது என்றால் என்ன என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஐஸைத் தட்டிவிட்டாள். என் கையைத் தூக்கப் பார்த்தாள், அது கனம், ஒரு கையால் முடியவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்தாள். மூடியிருந்த விரல்கள் திறந்தன. தையல் போட்ட, பளபளவென்று சிவந்த உள்ளங்கையை என் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "ஊ... ஊ..." என்று ஊதினாள்.

ஜெஸி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"சூடு போயிட்டா ஆச்சி? எரியுதா இன்னும்?"

எரிச்சல் அதற்குள் அடங்கியிருந்தது. கையின் அடியில் வேறொன்று தெரிந்தது. ஏதோ ஒரு சின்னப் பொருள், ஒரு பக்கம் மிருதுவாக, ஒரு பக்கம் தடித்து, சூடாக, என் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் அவள் கையை எடுத்து மூடிக்கொள்வாள்.

"இன்னும் எரியறதுடி" என்றேன்.

அவள் விரல்களை இன்னும் விரித்து, கையை நன்றாக ஏந்திக்கொண்டு, மறுபடியும் ஊத ஆரம்பித்தாள். கிண்ணத்தில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகும் வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் எரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.